பிழைகளின் பட்டியல்: முதல் தவறிலேயே நிற்பதா, அனைத்தையும் திரட்டுவதா?

வட லண்டனின் ஆர்ச்வே சாலையில் உள்ள முருகன் கோயிலுக்குச் செல்லும் தமிழர்களுக்கும், டொரண்டோவிலும் பாரிஸிலும் வாழ்வோருக்கும் இந்த அனுபவம் புதிதல்ல. விண்ணப்பப் படிவம் ஒன்று ஒரு பிழைக்காகத் திருப்பி அனுப்பப்படுகிறது. திருத்தி அனுப்பினால், தொடக்கத்திலேயே அதில் இருந்த மற்றொரு பிழைக்காக மீண்டும் திரும்பி வருகிறது. இரண்டையும் ஒரே தடவையில் சுட்டிக்காட்டியிருக்கலாமே என்ற கேள்வி எழுவது இயல்பே.

கணினி நிரலாளர்களும் இதே கேள்வியை எதிர்கொள்கின்றனர். 'ஃபங்ஷனல் புரோகிராமிங்' எனப்படும் சார்புவழி நிரலாக்கத்தில், பட்டியலின் ஒவ்வொரு பதிவும் ஒரு சார்பினூடாகச் செலுத்தப்படுகிறது. கிடைப்பது சரியான மதிப்பாகவோ, பிழைச் செய்தியாகவோ இருக்கலாம். ஹாஸ்கெல் மொழியில் இவ்விரண்டில் ஒன்றைத் தாங்கும் வகைக்கு 'ஈதர்' என்று பெயர்.

மூன்று வழிகள்

நூறு பதிவுகளில் 7ஆவதும் 40ஆவதும் பிழையானவை என்று கொள்வோம். 'ஈதர்' வகையுடன் 'டிராவர்ஸ்' என்ற சார்பைப் பயன்படுத்தினால், வேலை 7ஆவது பதிவோடு நின்றுவிடும். 40ஆவதன் பிழை வெளிவராது. பிழையானவற்றை வடிகட்டிவிட்டால் 98 பதிவுகள் எஞ்சும். ஆனால் இருவர் சத்தமின்றிக் காணாமல் போவார்கள். 'பார்ட்டிஷன் ஈதர்ஸ்' என்ற சார்போ, 98 மதிப்புகளையும் 2 பிழைகளையும் தனித்தனிப் பட்டியல்களாகத் தருகிறது.

சத்தமின்றி விடுபடுவதன் விளைவு பாரதூரமானது. 2020 இல் பழைய எக்செல் கோப்பு வடிவின் வரிசை வரம்பு காரணமாக, இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் உரிய நேரத்தில் சேரவில்லை.

காரணம் என்ன?

ஆர்ச்வே அமைந்துள்ள அதே இஸ்லிங்டன் பகுதியில்தான் லண்டன் சிட்டி பல்கலைக்கழகமும் உள்ளது. அங்கு பணியாற்றிய ராஸ் பேட்டர்சனும், நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் கானர் மக்பிரைடும் 2008 இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதற்கு விளக்கம் தந்தது.

முந்தைய விளைவைக் கொண்டே அடுத்த படி தீர்மானிக்கப்படுமானால், பிழை நேர்ந்தபின் தொடர வழியில்லை. இந்த அமைப்பு 'மோனாட்' எனப்படுகிறது. படிகள் ஒன்றையொன்று சாராதிருந்தால், ஒன்று தவறினாலும் மற்றவற்றைச் சோதித்துப் பிழைகளை ஒன்றிணைத்துக்கொண்டே செல்லலாம். இவ்விருவரும் 'அப்ளிகேட்டிவ்' என்று பெயரிட்டது இந்த அமைப்பையே.

எனினும் எல்லா இடங்களிலும் பிழைகளைத் திரட்ட இயலாது. பிறந்த தேதியே வாசிக்க முடியாத நிலையில் வயது வரம்பைச் சோதிப்பதில் பொருளில்லை. ஆனால் பெயரும் முகவரியும் ஒன்றையொன்று சாராதவை. அவற்றின் பிழைகளை ஒன்றன்பின் ஒன்றாக அறிவிப்பது, கணினியின் கட்டாயத்தால் அல்ல. நிரலை எழுதியவரின் தெரிவால் நிகழ்வது.