கோப்பி இலையும் கூலியின் குருதியும்: பெருந்தோட்டங்களில் ஒட்டுண்ணி ஆய்வு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் பெருந்தோட்டப் பொருளாதார வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோப்பியின் வீழ்ச்சிக்கு ஓர் அத்தியாயத்தை ஒதுக்குவது வழக்கமாகிவிட்டது. அவ்வத்தியாயத்தில் இலைநோய் வரும். வங்கி முறிவு வரும். ஈற்றில் தேயிலை மீட்பனாக வந்து சேரும். அதே மலைச்சரிவுகளில், அதே மண்ணில், வெறுங்காலுடன் நின்ற மனிதரைப் பீடித்திருந்த இன்னோர் ஒட்டுண்ணியின் வரலாறோ மருத்துவ அறிக்கைகளுக்குள் தனியே கிடக்கின்றது. இவ்விரு வரலாறுகளும் அருகருகே வைத்து நோக்கப்படுதல் வேண்டும். எந்த உயிரைப் பற்றிய நோய், எப்பொழுது, யாருடைய தேவையின் பொருட்டு ஆராய்ச்சிக்குரிய பொருளாகின்றது என்பதே ஈண்டு நாம் எழுப்பும் வினா.

முதலிற் செடியை நோக்குவோம். 1821இல் நிறுவப்பட்ட பேராதனைத் தாவரவியற் பூங்கா, கோப்பிச் செய்கை பெருகியதும் தோட்டத்துரைமாரின் முறைப்பாடுகளுக்குச் செவிசாய்க்க வேண்டியதாயிற்று. பூங்காவின் பொறுப்பாளராயிருந்த ஜோர்ஜ் காட்னர், கோப்பிச்செடியின் சாற்றை உறிஞ்சிய செதிற்பூச்சி பற்றி 1848இலேயே அறிக்கை எழுதினார். நீற்னர் என்பார் இலங்கைக் கோப்பி மரத்தின் பகைவர்களைப் பற்றித் தனி நூலொன்றை 1861இல் வெளியிட்டார். ஆயின் உண்மையான பகை அதற்குப் பின்னரே வந்தது. 1869இல் மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றில் இலைகளின் அடிப்புறத்திற் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருக்கக் காணப்பட்டது. பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்ப, பங்கசு ஆய்வில் வல்லவரான பேர்க்லி பாதிரியார் அதே ஆண்டில் அதற்கு ஹெமிலியா வஸ்டாட்றிக்ஸ் எனப் பெயரிட்டார். பெயரின் பிற்பகுதி 'அழிப்பது' எனப் பொருள்படும். பெயர் சூட்டியவருக்கே அது எத்துணை பொருத்தமானதென அன்று தெரிந்திருக்குமோ என்பது ஐயமே.

அடுத்த ஆண்டு, 1870இல், பத்து இலட்சம் அந்தருக்கு மேற்பட்ட கோப்பி ஏற்றுமதியாயிற்று. நோய் பரவிய வேளையிற் கோப்பியின் விலையும் உயர்ந்தே நின்றது. எனவே விளைச்சற் குறைவைக் காடழித்துப் புதுநிலம் திறப்பதன் மூலம் மறைத்துக்கொள்ள முடிந்தது. ஏக்கருக்கு நாலரை அந்தர் விளைந்த நிலை, 1878 அளவிற் சுமார் இரண்டு அந்தராகத் தாழ்ந்தபோதே பீதி பிறந்தது. தோட்டக்காரரின் வேண்டுகோளை அரசாங்கம் ஏற்றது. 1880இல், இருபத்தைந்து வயதளவே நிரம்பிய கேம்பிறிட்ஜ் பட்டதாரி ஹரி மார்ஷல் வார்ட் இலைநோயை ஆராய்வதற்கென்றே இத்தீவுக்கு அனுப்பப்பட்டார்.

வார்ட் இங்கு தங்கியது ஏறத்தாழ ஈராண்டுகளே. ஆயின் அவர் செய்த வேலை பெரிது. வித்திகள் ஈரம் பட்டதும் முளைத்து, இலைவாய்களினூடாக இலைக்குட் புகுவதை அவர் கண்டார். புகுந்து சில வாரங்களில் அவ்விலையே புதிய வித்திகளைப் பொழிவதையும் கண்டார். கண்ணாடித் தட்டுகளை வெளியில் வைத்து, காற்று வித்திகளைச் சுமந்து செல்வதை மெய்ப்பித்தார். மண்ணின் குறை, உரத்தின் குறை, மழையின் குற்றம் எனத் துரைமார் பேசிவந்த காரணங்கள் இதனால் தகர்ந்தன. தடையின்றி மலைமேல் மலையாக ஒரே செடியை நட்டமையே பங்கசுக்கு விருந்தாயிற்று என்பதும் அவரது ஆய்விலிருந்து தெளிவாயிற்று. வார்டை வெறுமனே முதலாளித்துவத்தின் ஏவலாளர் என ஒதுக்குவோரோடு நாம் உடன்படுவதற்கில்லை. அவரை அழைத்தோர் மருந்தைக் கேட்டனர். அவர் காரணத்தைக் கூறினார். அக்காரணமோ பெருந்தோட்டமுறையின் அடிப்படையையே தொட்டது. கந்தகமும் சுண்ணாம்பும் தூவிப் பார்த்தும் முழுப்பயன் கிட்டவில்லை, துரைமார் ஏமாற்றமடைந்தனர். பங்கசுகளுக்கெதிரான போர்தோக் கலவை பிரான்சில் அறியப்பட்டது 1885இலேயே. அதற்கு முந்திய ஆண்டில் ஓரியன்ரல் வங்கி முறிந்துவிட்டது. கோப்பித் தோட்டங்களும் கைவிடப்பட்டுக்கொண்டிருந்தன.

இனி மனிதரை நோக்குவோம். வார்ட் கொழும்பில் வந்திறங்கிய அதே 1880இல், அல்ப்ஸ் மலையைக் குடைந்து சென் கொதார்ட் சுரங்கம் அமைத்த தொழிலாளரிடையே பரவிய கடுஞ்சோகைக்குக் கொழுக்கிப்புழுவே காரணமென இத்தாலியரான பெரொன்சிற்றோ எடுத்துக்காட்டினார். இப்புழு மிலான் நகரில் 1838இலேயே டுபினி என்பவராற் கண்டறியப்பட்டிருந்தது. தூரின் நகர மருத்துவர் பொட்சோலோ, தைமோல் என்னும் மருந்து இப்புழுவை வெளியேற்றும் என்பதையும் ஏறத்தாழ இக்காலத்திலேயே நிறுவினார். ஆகவே கோப்பியின் நோய்க்கு மருந்து இல்லாத அதே வேளையில், கூலியின் நோய்க்கு மருந்து இருந்தது. ('கூலி' என்பதை அக்கால ஆவணங்களின் சொல்லாகவே கையாளுகின்றோம், அச்சொல்லினுள் உறையும் இழிவை நாம் அறிவோம்.)

இலங்கையில் இந்நோய் அறியப்படாமலும் இருக்கவில்லை. பிரதம குடியியல் வைத்திய அதிகாரி கின்சி, இத்தீவின் 'இரத்தசோகை அல்லது பெரிபெரி' பற்றி 1887இல் அறிக்கை சமர்ப்பித்தார். இரு வேறு நோய்கள் ஒரே பெயரின்கீழ்க் குழம்பிக் கிடந்தமை உண்மையே. எனினும் சோகைக்கும் புழுவுக்குமுள்ள தொடர்பு அன்றே பேசப்பட்டது. புழுவின் முட்டை மலத்தோடு மண்ணை அடைந்து, அங்கு இளம்புழுவாகி, வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலினுட் புகுகின்றது என்பதைக் கெய்ரோவிற் பணியாற்றிய லூஸ் என்ற ஜேர்மானியர் அந்நூற்றாண்டின் இறுதியிற் கண்டறிந்தார். தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராக்களில் அடைக்கப்பட்ட மக்களுக்கு மலசலகூடம் என்பது பெரும்பாலும் இல்லாத ஒன்று. நிழல், ஈரம், மலங்கலந்த மண், செருப்பற்ற கால் யாவும் அங்கு ஒன்றுகூடின. கோப்பி போய்த் தேயிலை வந்தபோதும் இச்சூழல் மாறவில்லை.

ஆயினும் தோட்டம் தோட்டமாகச் சென்று இப்புழுவை ஒழிக்கும் ஒழுங்கான இயக்கம் 1916இலேதான் தொடங்கிற்று. அதனையும் தொடக்கியது அமெரிக்க றொக்பெல்லர் நிறுவனம். பரிசோதிக்கப்பட்ட தோட்டமக்களிற் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டோர் புழுவேறியவராய்க் காணப்பட்டனர். செடியின் நோய் கண்ணிற்பட்டுப் பதினோராண்டுகளில் அதற்கென ஒரு விஞ்ஞானி கடல்கடந்து வந்தார். மனிதரின் நோய்க்கு மருந்து அறியப்பட்டபின் முப்பத்தைந்து ஆண்டுகள் கழிந்தன. இவ்விடைவெளியை அறியாமையின் விளைவு என விளக்குதல் பொருந்தாது. செத்த செடியின் இழப்பு கணக்கேட்டில் உடனே தெரிந்தது. சோர்ந்த தொழிலாளியின் இடத்துக்கோ மன்னார்க் கரையிலிருந்து இன்னொருவர் வந்துகொண்டிருந்தார். சோகையினால் வேலைத்திறன் குறைகின்றது என்ற வாதமே துரைமாரை இணங்கவைத்ததென்பது இவ்வியக்கத்தின் வரலாற்றிற் பெரிதும் பேசப்படும் செய்தி.

அவ்விணக்கத்துக்கும் எல்லை இருந்தது. தைமோலும், பின்னர் செனப்போடியம் எண்ணெயும் வரிசையாக நிறுத்தப்பட்ட மக்களுக்குக் கொடுக்கப்பட்டன. குமட்டலும் தலைச்சுற்றும் தரும் அம்மருந்தை உட்கொண்டவர் தேறி எழுந்ததும், அதே வெறுங்காலுடன் அதே மண்ணுக்கே திரும்பினார். மீளத் தொற்றுவதைத் தடுக்க மலசலகூடங்கள் அமைக்கப்படுதல் வேண்டும் என மருத்துவர் வற்புறுத்தினர். மருந்தைப் பொறுத்துக்கொண்ட தோட்ட நிருவாகங்கள் பல, கட்டடச் செலவு என்றதும் பின்வாங்கின. புழுவை மட்டும் துரத்துவதாற் பயனில்லை என்பதை உணர்ந்த றொக்பெல்லர் நிறுவனம், சுகாதாரத்தை முழுமையாக நோக்கும் அமைப்பொன்றுக்கு உதவ முன்வந்தது. 1926இல் அவ்வகையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அதற்குத் தெரிந்தெடுக்கப்பட்ட இடம் மலையகமன்று, கடலோரக் களுத்துறை.