பிணையும் பல நாட்டுக் குடியுரிமையும்

குற்றம் சாட்டப்பட்ட அளவிலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடார். தீர்ப்பு வரும்வரை அவரைச் சிறையில் வையாது, தக்க ஈடு பெற்று வெளியே விடுவதே பிணை எனப்படும். அங்ஙனம் விடப்பட்டவர் விசாரணைக்கு மீண்டு வருவாரா என்பது நீதிபதி ஆராய வேண்டிய முதன்மையான வினா. அவர் பல நாடுகளின் குடியுரிமை உடையவராயின் இவ்வினா மேலும் சிக்கலாகிறது.

இதற்குத் தக்க சான்று, நிசான் கார் நிறுவனத்தின் தலைவராயிருந்த கார்லோஸ் கோனின் வழக்கு. அவர் பிரேசிலில் பிறந்து, லெபனானில் வளர்ந்து, பிரான்சில் உயர்கல்வி பெற்றவர். அம்மூன்று நாடுகளின் குடியுரிமையும் உடையவர். தம் ஊதியத்தைக் குறைத்துக் காட்டினார் என்று 2018 நவம்பர் 19ஆம் நாள் தோக்கியோவில் கைது செய்யப்பட்டார். பின்னர் நம்பிக்கை மோசடிக் குற்றமும் சேர்க்கப்பட்டது. அவர் அனைத்தையும் மறுத்தார்.

பிணை முதலில் மறுக்கப்பட்டது. நூறு நாட்களுக்கு மேல் காவலில் இருந்த பின்னர், 2019 மார்ச்சில் 100 கோடி யென் கட்டி வெளிவந்தார். ஏப்ரலில் மீண்டும் கைதாகி, மேலும் 50 கோடி யென் கட்டினார். வீட்டு வாயிலில் படக்கருவி பொருத்தப்பட்டது. கடவுச்சீட்டுகள் வழக்கறிஞர் வசம் இருந்தன. எனினும் அவற்றுள் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு ஒன்றைப் பூட்டிய உறையில் தம்முடன் வைத்துக்கொள்ள நீதிமன்றம் பின்னர் இசைந்தது.

அவ்வாண்டு டிசம்பர் 29ஆம் நாள் கோன் ஒசாக்காவுக்குச் சென்று, இசைக்கருவிகளுக்கான பெரிய பெட்டியொன்றில் ஒளிந்து, தனி விமானத்தில் இஸ்தான்புல் வழியாகப் பெய்ரூட்டை அடைந்தார். ஜப்பானுக்கும் லெபனானுக்கும் இடையே குற்றஞ்சாட்டப்பட்டோரை ஒப்படைக்கும் உடன்படிக்கை இல்லை. லெபனானோ தன் குடிமக்களைப் பிற நாட்டிடம் ஒப்படைப்பதில்லை. 150 கோடி யென்னும் பறிமுதலாயிற்று, ஆள் திரும்பவில்லை.

தப்பிக்க உதவிய அமெரிக்கத் தந்தைக்கும் மகனுக்கும் நேர்ந்தது வேறு. 2020 மே மாதம் அமெரிக்காவில் கைதான அவர்களுக்கு, தப்பியோடக் கூடும் என்று அங்குப் பிணை மறுக்கப்பட்டது. ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் உடன்படிக்கை உண்டு. ஆதலால் 2021 மார்ச்சில் ஒப்படைக்கப்பட்டனர். ஜூலையில் தந்தைக்கு இரண்டு ஆண்டும், மகனுக்கு ஓராண்டு எட்டு மாதமும் சிறை விதிக்கப்பட்டது.

எனவே ஈட்டுத் தொகையைக் காட்டிலும், அடைக்கலம் தரும் நாட்டின் சட்டமே வலிமை மிக்கது என்பது தெளிவு. அதற்காகப் பல நாட்டுக் குடியுரிமை உடையார் எவருக்கும் பிணையே கூடாது என்று விதித்தல் முறையாகுமா? ஒருவர் பிறந்த இடம் அவர் தேர்ந்துகொண்டதன்று. அதன் பொருட்டு, குற்றம் மெய்ப்பிக்கப்படாத ஒருவர் ஆண்டுக்கணக்கில் சிறையிலிருத்தல் அறமாகாது. நெடுநாட் காவலைக் குறைகூறித்தான் கோனும் தம் செயலுக்கு நியாயம் கற்பித்தார்.

கோனுடன் ஒரே நாளில் கைதான அமெரிக்கர் கிரெக் கெல்லி, 7 கோடி யென் பிணையில் வெளிவந்து, இறுதிவரை ஜப்பானிலேயே இருந்து வழக்கை நடத்தினார். 2022 மார்ச்சில் பெரும்பாலான குற்றச்சாட்டுகளினின்றும் விடுவிக்கப்பட்டார். எஞ்சியதற்கு ஆறு மாதச் சிறை விதிக்கப்பட்டு, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. பிணை தந்த நம்பிக்கை இங்கே வீண்போகவில்லை.

ஜப்பான் 2023 மே மாதம் தன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தியது. பிணையிலிருந்து ஓடுதல் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. வெளிநாட்டுக்குத் தப்பக்கூடியவர் உடலில் இருப்பிடங்காட்டும் கருவியைப் பொருத்தவும் வழிசெய்யப்பட்டது. சிறைக்கும் முழு விடுதலைக்கும் இடையே நீதிபதிக்கு மற்றுமொரு வழி கிடைத்தது. கடவுச்சீட்டுகளை எண்ணித் தீர்ப்பளிப்பதினும், ஆளுக்கும் வழக்குக்கும் ஏற்ற காவலைத் தேர்வதே நீதிக்கு அணித்தாகும்.