உழவுச்சால் உரைத்த பாடம்

மாத்தளை மாவட்டம் மிளகும் கொக்கோவும் சாதிக்காயும் விளையும் நிலம். எண்ணல், தரம் பிரித்தல், உலர்த்தல் முதலிய பணிகள் இங்கு உள. மதியிறுக்கமுடைய இளைஞர்க்கு இவை கைவருமோ என ஐயுறுவார்க்கு வரலாறு விடை பகரும்.

1943இல் மருத்துவர் லியோ கன்னர் அத்தகைய 11 சிறாரைப் பற்றி எழுதினார். அவருள் முதல்வன் 1942இல் அமெரிக்க உழவர் தம்பதியரிடம் விடப்பட்டான். ஓயாது அளத்தலும் எண்ணுதலும் அவன் இயல்பு. அவர்கள் அதனைத் தடுத்தாரல்லர். கிணறு தோண்டி ஆழம் அளக்கவும், சோள வரிசைகளை எண்ணியவாறே உழவும் பழக்கினர். 1945இல் நேரிற் கண்ட கன்னர் வியந்தார். பின்னாளில் அவன் பட்டம் பெற்று வங்கிப் பணியில் அமர்ந்தான்.

இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தோரை வேலைவாய்ப்பில் வேறுபடுத்துதலை விலக்கிற்று. எனினும் சட்டம் கதவைத் திறக்குமேயன்றிக் கைத்தொழில் பயிற்றாது. பிள்ளையின் நாட்டத்தையே படியாக்கிப் பொறுமையுடன் பழக்குதல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் அயலார்க்கும் உரிய கடனாகும்.