பிலடெல்பியாவில் ஒரு மதுரை மண்டபம்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, 1976ல் வெளிவந்த 'ராக்கி' படத்தில் குத்துச்சண்டை வீரர் ஓடி ஏறும் அந்த 72 படிகள்தான். இன்றும் சுற்றுப்பயணிகள் மூச்சு வாங்க ஓடி ஏறி, கைகளை உயர்த்திப் படம் பிடித்துக்கொண்டு, அப்படியே இறங்கிப் போய்விடுகிறார்கள். படிகளுக்கு மேலே நிற்பது அந்நகரின் கலை அரும்பொருளகம். உள்ளே நமக்குச் சொந்தமான ஒன்று இருக்கிறது.

அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தின் நூறாவது ஆண்டான 1876ல் அங்கு நடந்த உலகக் கண்காட்சியின் தொடர்ச்சியாகப் பிறந்தது இந்த அரும்பொருளகம். இப்போதைய கட்டடம் 1928ல் திறக்கப்பட்டது. அன்றைய இயக்குநர் பிஸ்க் கிம்பல், கலைப்பொருள்களைத் தனித்தனியே வைத்தால் போதாது, அவை இருந்த அறையையே எழுப்பிக் காட்ட வேண்டும் என்று நினைத்தவர். அதனால் ஐரோப்பிய மடாலய முற்றம், ஜப்பானியத் தேநீர் வீடு என்று பார்த்துக்கொண்டே வரும்போது, திடீரென்று நம் ஊர்க் கருங்கல் தூண்கள்!

ஆளுயரச் சிற்பங்கள், இராமாயணக் காட்சிகள். காலணியைக் கழற்றுவதா வேண்டாமா என்று நான் தயங்கியே நின்றுவிட்டேன்.

நாயக்கர் காலத்தில், சுமார் 1550ல் செதுக்கப்பட்ட இவை மதுரை மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்தவை. 1912ல் மதுரைக்கு வந்த அடலின் பெப்பர் கிப்சன் என்ற பிலடெல்பியாப் பெண்மணி, கோயில் வளாகத்தில் குவிந்து கிடந்த அறுபதுக்கும் மேற்பட்ட சிற்பக் கற்களை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றினார். முதல் உலகப் போரையொட்டி பிரான்ஸ் மருத்துவமனையில் பணியாற்றச் சென்ற அவர், 1919ல் அங்கேயே இறந்துபோனார். அவர் நினைவாகக் குடும்பத்தார் கற்களை அரும்பொருளகத்துக்கு வழங்கினர். பின்னர், சமஸ்கிருதப் பேராசிரியர் நார்மன் பிரவுன் மதுரைக்கே போய் அவற்றின் பூர்வீகத்தை ஆராய்ந்து, 1940ல் ஒரு நூலும் எழுதினார். ஆனாலும் இன்று அங்கே நிற்பது பழைய மண்டபம் அப்படியே அல்ல. கிடைத்த கற்களைக் கொண்டு அடுக்கியதுதான்.

"திருட்டுத்தானே இது?" என்று நம் அரங்கில் ஓர் ஐயா கேட்டார். எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. நம் சிங்கப்பூரிலேயே ஆசிய நாகரிக அரும்பொருளகம், 2007ல் ஆறரை லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிய சோழர் கால உமா பரமேஸ்வரி சிலையை, அது தமிழ்நாட்டுக் கோயிலிலிருந்து களவு போனது எனத் தெரிந்தபின் 2015ல் இந்தியாவிடம் ஒப்படைத்தது. கோயிலிலிருந்த அம்மனைத் திருடி விற்றது ஒன்று. நாமே கவனியாமல் போட்டு வைத்த கல்லை ஒருவர் காசு கொடுத்து எடுத்துப் போனது இன்னொன்று. என்றாலும், விற்றவர்களுக்கு அதை விற்கும் உரிமை இருந்ததா என்று அந்த ஐயா மறுபடி கேட்டபோது, என்னிடம் பதில் இல்லை.

மதனகோபால சுவாமி கோயில் மதுரை மேல மாசி வீதியில் இன்றும் இருக்கிறது. மீனாட்சியம்மனைத் தரிசித்துவிட்டு நடந்தே போய்விடலாம். நான் இருமுறை மதுரைக்குப் போயிருக்கிறேன். இருமுறையும் அந்தப் பக்கம் போகாமலே திரும்பி வந்திருக்கிறேன்.