எம். பி. சீனிவாசன்

எம். பி. சீனிவாசன் (19 செப்டம்பர் 1925 – 9 மார்ச் 1988) பள்ளிப் பிள்ளைகளிடையே சேர்ந்திசையைப் பரப்பிய இசையாசிரியர். தமிழ், மலையாளத் திரைப்படங்களின் இசையமைப்பாளர். சென்னைத் திரையிசைக் கலைஞர்களுக்குத் தொழிற்சங்கம் கண்ட முன்னோடிகளில் ஒருவர். முழுப்பெயர் மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ‘எம்.பி.எஸ்.’ என்றே அழைக்கப்பட்டார். 1971இல் அவர் தொடங்கிய சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு, இந்திய மொழிப் பாடல்களைப் பல குரல் அமைப்பில் பாடுவதற்கு வழிகாட்டியாக அமைந்தது.

இளமையும் இயக்கமும்

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த சித்தூரில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போது மாணவர் இயக்கத்திலும் பொதுவுடைமை இயக்கத்திலும் ஈடுபட்டார். 1943இல் உருவான இந்திய மக்கள் நாடக மன்றம் நாடகம், பாட்டு, நடனம் ஆகியவற்றை அரசியல் விழிப்புக்குப் பயன்படுத்திய காலம் அது. எம்.பி.எஸ். அந்த மன்றத்தோடு இணைந்து இயங்கினார். பின்னர் தில்லியில் பொதுவுடைமைத் தலைவர் ஏ. கே. கோபாலனின் செயலாளராகப் பணிபுரிந்தார். விடுதலைப் போராட்ட வீரர் சைபுதீன் கிச்லுவின் மகள் சாஹிதாவை மணந்தார்.

அவருடைய இசைக் கொள்கை இந்த ஆண்டுகளில் உருவானது. ஊர்வலத்திலும் கூட்டத்திலும் பாடுகிறவர்கள் பெரும்பாலும் முறையாக இசை கற்காதவர்கள். அவர்கள் எளிதில் பிடித்துக்கொள்ளும்படி மெட்டு அமைய வேண்டும். அதே வேளையில் இசைத்தரமும் குறையக் கூடாது. இந்த இரண்டையும் ஒருசேர நிறைவேற்றுவதே அவர் வாழ்நாள் முழுதும் மேற்கொண்ட பணியாயிற்று.

திரையிசை

நிமாய் கோஷ் இயக்கிய ‘பாதை தெரியுது பார்’ (1960) தமிழில் அவருக்குப் பெயர் பெற்றுத் தந்த படம். இப்படத்துக்காக ஜெயகாந்தன் எழுதி, பி. பி. ஸ்ரீநிவாசும் எஸ். ஜானகியும் பாடிய ஊஞ்சல் பாட்டும், கே. சி. எஸ். அருணாசலம் எழுதி டி. எம். சௌந்தரராஜன் பாடிய மூக்குத்திப் பாட்டும் இன்றளவும் கேட்கப்படுகின்றன. தாகம், எடுப்பார் கைப்பிள்ளை, புதுவெள்ளம், மதனமாளிகை ஆகியவை அவர் இசையமைத்த பிற தமிழ்ப் படங்களுள் சில.

மலையாளத்தில் அவர் பணி இதைவிட விரிந்தது. ‘கால்பாடுகள்’ படத்துக்காக 1961 நவம்பர் 14 அன்று கே. ஜே. யேசுதாஸின் முதல் திரைப்பாடலைப் பதிவு செய்தவர் அவரே. சாதி, மத வேறுபாடற்ற வாழ்வைச் சொல்லும் ஸ்ரீநாராயண குருவின் செய்யுள் அது.  அடூர் கோபாலகிருஷ்ணனின் சுயம்வரம் (1972), எலிப்பத்தாயம், முகாமுகம் (1984), அனந்தரம் (1987) ஆகிய படங்களின் பின்னணி இசையும், கே. ஜி. ஜார்ஜின் உள்கடல் (1979), யவனிகா (1982) ஆகிய படங்களின் பாடல்களும் குறிப்பிடத்தக்கவை. உள்கடல் பாடல்களை எழுதியவர் கவிஞர் ஓ. என். வி. குறுப்பு. சொல் தெளிவாகக் கேட்க இடம்விட்டு, வேண்டிய கருவிகளை மட்டும் சேர்ப்பது எம்.பி.எஸ்.ஸின் இயல்பு.

தொழிற்சங்கப் பணி

அக்காலத்தில் திரைப்படங்களுக்கு வாசித்த கலைஞர்களுக்கு நிலையான ஊதிய முறை இருக்கவில்லை. எம்.பி.எஸ். முன்னின்று அவர்களைத் திரையிசைக் கலைஞர்கள் சங்கமாகத் திரட்டினார். ஒளிப்பதிவாளரும் இயக்குநருமான நிமாய் கோஷுடன் சேர்ந்து, தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர்களின் பல்வேறு சங்கங்களை ஒரே சம்மேளனத்தின் கீழ்க் கொண்டுவரும் முயற்சியிலும் பங்காற்றினார்.

சேர்ந்திசை

பலர் கூடிப் பாடுவது தமிழருக்குப் புதிதன்று. பஜனையிலும் கும்மியிலும் வில்லுப்பாட்டின் பின்பாட்டிலும் அது உண்டு. ஆனால் அங்கெல்லாம் அனைவரும் ஒரே மெட்டையே பாடுவார்கள். வெவ்வேறு குரல்கள் வெவ்வேறு மெட்டுக் கோடுகளில் சென்று ஒன்றோடொன்று இசையும் முறை ஐரோப்பாவில் வளர்ந்தது. தமிழகத்துக்குப் பெரும்பாலும் தேவாலயங்கள் வழியாக வந்தது. லண்டன் மிஷன் 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றிய நாகர்கோவில் வட்டாரத்தில் பாடகர் குழு திருச்சபை வாழ்வின் பகுதியாகவே ஆனது. எம்.பி.எஸ். இம்முறையைக் கோயில், தேவாலயம் என்ற எல்லைகளுக்கு வெளியே பொதுமேடைக்குக் கொண்டுவந்தார்.

இவ்வழியில் அவருக்கு முன்னோடிகள் இருந்தனர். 1950களின் பிற்பகுதியில் சலில் சௌத்ரி பம்பாயிலும் ரூமா குஹா தாகுர்த்தா கல்கத்தாவிலும் இளைஞர் சேர்ந்திசைக் குழுக்களை நிறுவியிருந்தனர். சென்னைக் குழு பாரதியார் பாடல்களையும் பிற மொழிப் பாடல்களையும் நாட்டுப்பாடல்களையும் பாடியது. பாட்டைத் தொழிலாகக் கொள்ளாதவர்களும் அதில் இடம்பெற்றனர்.

இந்திய இசை ஒற்றை மெட்டைச் சார்ந்தது. சுரங்களை அசைத்தும் வளைத்தும் பாடும் கமகம் அதன் உயிர். இரண்டு மூன்று குரல்களை ஒருங்கே ஒலிக்கச் செய்தால் இராகத்தின் சாயல் மங்கிவிடும் ஆபத்து உண்டு. முதன்மை மெட்டின் வடிவம் சிதையாதபடி துணைக் குரல்களை அமைப்பதில்தான் இசையமைப்பாளரின் திறமை வெளிப்படும். பாடுகிறவரும் தம் வரியைத் தவறவிடாமல், பக்கத்தில் ஒலிக்கும் வேறொரு வரியையும் காதில் வாங்க வேண்டும். மூச்செடுக்கும் இடமும் சொல்லை முடிக்கும் நொடியும் எல்லோருக்கும் ஒன்றாக அமைய வேண்டும். பிறரைக் கேட்டுக்கொண்டே பாடும் இந்தப் பழக்கமே சேர்ந்திசை தரும் முதன்மையான கல்வி.

பள்ளிகளில்

1980களில் என்.சி.இ.ஆர்.டி. எனப்படும் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் பள்ளிகளில் கூட்டுப்பாடலை வளர்க்கும் திட்டத்தை மேற்கொண்டபோது எம்.பி.எஸ். அதில் முக்கியப் பங்கு வகித்தார். முகாம்களில் ஆசிரியர்களுக்குப் பல மொழிப் பாடல்கள் கற்பிக்கப்பட்டன. அவர்கள் ஊர் திரும்பித் தம் மாணவர்களுக்குக் கற்பித்தனர். நல்ல குரல் வாய்த்த சிலரைத் தேர்ந்தெடுக்காமல் வகுப்பு முழுவதையும் பாடவைப்பது இத்திட்டத்தின் சிறப்பு. தமிழ்ப் பிள்ளை வங்காளப் பாட்டையும், அசாமியப் பிள்ளை தமிழ்ப் பாட்டையும் பொருளறிந்து பாடும் வாய்ப்பு இதனால் கிடைத்தது. கேரளத்தில் அவர் பெருந்திரளான பள்ளிக் குழந்தைகளைப் பயிற்றுவித்து ஒரே மேடையில் பாடச் செய்தார்.

மறைவும் தொடர்ச்சியும்

1988 மார்ச் 9 அன்று, குழந்தைகளுக்குச் சேர்ந்திசை பயிற்றுவிக்கச் சென்றிருந்த லட்சத்தீவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 62. அவருக்குப் பின்னும் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழு தொடர்ந்து இயங்கியது. திருவனந்தபுரத்தில் அவர் பெயரால் எம்.பி.எஸ். இளைஞர் சேர்ந்திசைக் குழு அமைக்கப்பட்டது. திரைப்பாடல்கள் அவர் பெயரைப் பரவலாக நிலைநிறுத்தியுள்ளன. ஆயினும் அவருடைய தனிச் சாதனை, இசை கற்க வாய்ப்பில்லாத சாதாரணப் பள்ளி மாணவரையும் பாடகராக்கியதும், அம்மாணவருக்கேற்ற பாடல்களையும் பயிற்சி முறையையும் உருவாக்கித் தந்ததும் ஆகும்.