வள்ளியின் தர்க்கமும் மூன்று படங்களும்

ஆடி பிறந்தால் தெமோதரைத் தோட்டங்களில் கதிர்காமப் பேச்சுத்தான். நம் ஊவா மாகாணத்துக்குள்ளேயே இருக்கும் தலம் அது. திருவிழா இரவுகளில் கந்தனின் ஊர்வலம் போய்ச் சேருவது வள்ளியம்மன் கோயிலுக்கு. வள்ளியைத் தங்கள் வீட்டுப் பெண் என்று வேடுவர் உரிமை கொண்டாடும் மண் இது.

மேடை வள்ளியோ தொண்டை நாட்டுக்காரி. சங்கரதாஸ் சுவாமிகளின் 'வள்ளி திருமணம்' நாடகம் கந்தபுராணத்தை ஒட்டியது. அங்கே தினைப்புனம் வள்ளிமலையில். அந்த மேடை நம்மை நெருங்கிய காலமும் உண்டு. தெமோதரை ஸ்டேசனுக்கு அடியிலேயே சுற்றிப் போகும் ரயில் பாதை 1924-இல் பதுளையைத் தொட்டது. 1926-இல் நாடக நட்சத்திரங்கள் எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் கொழும்பு மேடையில் ஜோடி சேர்ந்தார்கள்.

நாடகத்தின் உயிர் தர்க்கம். வேடனாக வந்த முருகனும் பரண்மேல் நிற்கும் வள்ளியும் பாட்டாலும் வசனத்தாலும் ஒருவரையொருவர் மடக்குவார்கள். ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. வெவ்வேறு ஊர் நடிகர்கள் மேடையிலேயே சந்தித்து, கூட்டத்தின் கைதட்டலைப் பார்த்து வாதத்தை நீட்டுவார்கள். இதை எப்படி ஃபிலிமில் அடக்குவது?

1933-இல் பி.வி. ராவ், டி.பி. ராஜலட்சுமியை வள்ளியாக்கி முயன்றார். பாட்டை நம்பிய காலம். நடிகர்களே காமிரா முன் பாடினார்கள். 1945-இல் ஏ.வி. மெய்யப்பன் 'ஸ்ரீவள்ளி' எடுத்தார். முருகன் டி.ஆர். மகாலிங்கம், வள்ளி குமாரி ருக்மிணி. ருக்மிணியின் பாட்டு திருப்தி தராததால் பி.ஏ. பெரியநாயகியின் குரலைச் சேர்த்தார் மெய்யப்பன். மேடையில் வள்ளி வேஷக்காரிக்குத் தொண்டைதான் சொத்து. சினிமாவிலோ முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது. பழைய நாடகக்காரர்களுக்கு இது அநியாயமாகப் பட்டிருக்கும்.

1961-இல் டி.ஆர். ராமண்ணா வண்ணத்தில் எடுத்த 'ஸ்ரீவள்ளி'யில் சிவாஜி கணேசனும் பத்மினியும். பழைய முருகன் மகாலிங்கம் இதில் நாரதர்! நட்சத்திர ஜோடியும் நாட்டியமும் வந்தபின் வாதம் மெலிந்தது.

மூன்றில் என் ஓட்டு 1945-க்கே. பாட்டுக்காகவே ஓடிய படம் என்பார்கள். அந்தப் பாட்டில்தான் மேடையின் மிடுக்கு மிச்சமிருக்கிறது. ஆனால் எந்த டைரக்டரும் தர்க்கத்துக்கு அதற்குரிய இடத்தைக் கொடுக்கவில்லை.

தெமோதரை, எல்ல, பசறை, ஹாலிஎல தோட்டங்களில் வள்ளி வேஷம் கட்டியவர்கள், நாடகக் கொப்பி வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் இந்தத் தொடருக்கு எழுதுங்கள். கொப்பி கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.