அரை நூற்றாண்டு காத்திருந்த முத்திரை

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் கறுப்புக் கல் முத்திரை அது. திமில் இல்லாத ஒரு காளையும் ஆறு எழுத்துகளும் அதில் செதுக்கப்பட்டிருந்தன. பஞ்சாபின் ஹரப்பா மேட்டில் மேஜர் கிளார்க் என்ற அதிகாரி கண்டெடுத்தார். எந்த மண்ணடுக்கில் என்று குறித்துவைக்கும் வழக்கம் அன்று வேரூன்றவில்லை.

இந்தியத் தொல்லியல் துறையின் முதல் தலைமை இயக்குநர் அலெக்சாண்டர் கன்னிங்காம், 1875இல் வெளியான அறிக்கையில் அதன் படத்தை அச்சிட்டார். சீனப் பயணி யுவான் சுவாங்கின் பயணக் குறிப்புகளைத் துணைகொண்டு பௌத்தத் தலங்களைத் தேடி அலைந்தவர் அவர். எழுத்து இந்திய எழுத்தாகத் தெரியவில்லை, காளைக்குத் திமிலும் இல்லை என்பதால், இது வெளிநாட்டுப் பொருள் என்று முடிவு கட்டினார். அதற்கு முன்பே அந்த மேட்டின் செங்கற்களை ரயில்வே ஒப்பந்தக்காரர்கள் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். லாகூர்–முல்தான் பாதையில் சுமார் 100 மைலுக்கு அவை ஜல்லியாயின. 1892இல் முத்திரை பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் வயது தெரியாமலே மறு ஆண்டு கன்னிங்காம் மறைந்தார்.

1902இல் ஜான் மார்ஷல் தலைமை இயக்குநரானார். அவர் காலத்தில், 1921இல் தயாராம் சாஹ்னி ஹரப்பாவில் தோண்டினார்; மறு ஆண்டு ராக்கல்தாஸ் பானர்ஜி சிந்துவில் மொகஞ்சதாரோவைத் தோண்டினார். ஏறத்தாழ 600 கிலோமீட்டர் இடைவெளி. ஆனால் முத்திரைகள் ஒரே வகை. இரண்டு இடத்துப் பொருள்களையும் ஒன்றாகப் பரப்பிவைத்துப் பார்த்த மார்ஷல், 1924 செப்டம்பர் 20 அன்று ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ இதழில் சிந்துவெளி நாகரிகத்தை உலகுக்கு அறிவித்தார். சில நாள்களிலேயே, மேற்கு ஆசியத் தொல்லியல் அறிஞர்கள் அப்பகுதி அகழாய்வுப் பொருள்களோடு ஒப்பிட்டு அவற்றின் பழமையை எடுத்துக்காட்டினார்கள். இந்திய வரலாறு ஒரே மாதத்தில் ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பின்னோக்கி நீண்டது. லண்டனில் இருந்த அநாதை முத்திரைக்குச் சொந்த ஊரும் சுற்றமும் கிடைத்தன.

அந்த எழுத்துகளை இன்னும் யாரும் ஐயமறப் படித்துவிடவில்லை. கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் அவற்றைத் தொகுத்து 1977இல் வெளியிட்ட தொடரடைவு இன்றும் ஆய்வாளர்களுக்கு அடிப்படை நூல். படிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

கிடந்த இடத்தையும் கூடக் கிடந்தவற்றையும் இழந்த தொல்பொருள் பாதி ஊமை. கிணறு வெட்டும்போதோ உழும்போதோ பழம்பொருள் தென்பட்டால் எடுத்துப் போகாதீர்கள். இருந்த இடத்திலேயே விட்டு, வட்டாட்சியர் அலுவலகத்துக்கோ பக்கத்து அரசு அருங்காட்சியகத்துக்கோ உடனே தகவல் சொல்லுங்கள்.